மருதை வீட்டுப் பொண்ணுங்க

திருவெறும்பூரில் வெல்டர் வேலை பார்க்கும் மருதை, வீட்டில் கறுப்பு மோலி மீன் வளர்க்க ஆரம்பித்ததிலிருந்து தெருவில் ஒருத்தருக்கும் நிம்மதியில்லை. மோலி முட்டையிடாது, குட்டிதான் போடும். மாசம் தவறாமல் போடும். பெற்ற தாயே குட்டிகளை முழுங்கிவிடும் என்பதால் மருதை அவற்றை டீ வடிகட்டியில் அள்ளித் தனித்தொட்டியில் வளர்த்தார்.

"மீனுக்கு வடிகட்டி, எனக்குத் தூளு மிதக்குற டீயா?" என்று அவர் மனைவி அழகம்மாள் கத்தியது காதிலேயே ஏறவில்லை.

தொட்டியில் இடம் போதாமல் போனதும், மீன்களைப் பாலித்தீன் கவரில் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார். வேண்டாம் என்றவர் கையிலும் திணித்து, "எங்க வீட்டுப் பொண்ணுங்க. கண் கலங்காம பாத்துக்குங்க" என்று தழுதழுத்தார். கடைசியில் அவர் தக்காளிக் கவரோடு வந்தால்கூடத் தெருவில் கதவு சாத்தினார்கள்.

தொட்டி ஒருவழியாகக் காலியான ஞாயிற்றுக்கிழமை, காலிங்பெல் அடித்தது. எதிர்வீட்டு சுபலட்சுமி ஊறுகாய் பாட்டிலோடு நின்றாள். உள்ளே வயிறு உப்பிய மோலி. அவளுக்குப் பின்னால் ஆளுக்கொரு பாட்டிலோடு தெருவே நின்றது.

"அண்ணே, உங்க பொண்ணு முழுகாம இருக்கு."

மருதை பதறிப்போய் பாட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணிக்குள்ள நல்லா முழுகித்தானேம்மா இருக்கு!"

"மாசமா இருக்குண்ணே! தலைப்பிரசவம் பொறந்த வீட்லதானே?"

அழகம்மாள் உள்ளே போய் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் டீ வடிகட்டி இருந்தது.