மருந்துக் குப்பிக்குள் புகுந்த காற்று

நான் செய்த பிழைக்காக ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தேன். அவர்மேல் குற்றம் சொன்னபோது அவர் குற்றமற்றவர் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகும் இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. முதலாவதை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதைக் கோழைத்தனம் என்று சொல்வதுதான் சரி.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்தேன். உடம்புக்குள் ஊசியால் செலுத்தி, உறுப்புகளைப் படம் பிடிக்க உதவும் கதிரியக்க மருந்துகளைத் தயாரிப்பது என் பொறுப்பு. எழுபதுகளில் கோலாலம்பூரில் வேதியியல் படித்துவிட்டு, உதவித்தொகையில் இங்கிலாந்து போய் இந்த வேலையைக் கற்றேன். அங்கே நான் இருந்த கூடத்தில், சர்க்கரையோடு கதிரியக்க ஃபுளோரினைச் சேர்த்து மூளையைப் படம் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். இன்று பெட் ஸ்கேன் என்று எல்லாரும் சொல்கிறோமே, அதன் ஆரம்ப நாட்கள் அவை. அந்த மருந்தின் வீரியம் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். அதை உண்டாக்கும் எந்திரம் பக்கத்துக் கட்டடத்திலேயே இருக்க வேண்டும். ஈப்போவில் அதை நினைத்தும் பார்க்க முடியாது.

எங்களுக்கு வாய்த்தது டெக்னீசியம். வாரம் ஒரு முறை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, பிறகு வேனில் ஈப்போ வந்து சேரும் காரீயப் பெட்டி ஒன்று. அதற்குள் உப்புநீரை விட்டால், கதிரியக்கம் ஏறிய நீர் வெளியே வரும். அந்தத் தொழிலில் உள்ளவர்கள் அந்தப் பெட்டியை மாடு என்பார்கள், அந்த வேலையைக் கறப்பது என்பார்கள். கறந்ததை ஒரு சிறு குப்பிக்குள் செலுத்துவேன். அதில் எலும்பைத் தேடிப் போகும் மருந்தும் கொஞ்சம் வெள்ளீய உப்பும் தூளாக இருக்கும். டெக்னீசியத்தை மருந்தோடு பிணைப்பது அந்த வெள்ளீயம்தான். பிணைப்பு விட்டுப்போனால் டெக்னீசியம் எலும்புக்குப் போகாது, வயிற்றிலும் கழுத்துச் சுரப்பியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு குப்பி நான்கு நோயாளிகளுக்கு வரும்.

எங்கள் பிரிவில் முதலில் மருந்து கலந்தவர் ஒரு சீனர், என் மூத்தவர். அவர் ஒரு ஜூலையில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்ததும் அந்த வேலை என் கைக்கு வந்தது. படம் எடுப்பவர் ஈப்போவிலேயே சிலிபின் பகுதிக்காரர், என் வயது, என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். மூன்றாவது ஆள் உதவியாளர் அக்கா. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து சிலிபினில் வாழ்க்கைப்பட்டவர். கிறிஸ்தவர். அறையைக் கூட்டித் துடைப்பது, நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பது, பயந்தவர்களிடம் பேசிக்கொண்டிருப்பது எல்லாம் அவர் வேலை. வேலை முடிந்ததும் அவருடைய சபையார் சிலரோடு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பார், கஞ்சி கொடுப்பார். அதுதான் அவருக்கு ஊரில் மதிப்பு.

அதே ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள கிறிஸ்தவக் கோயில் திருவிழாவுக்குப் போக மூன்று நாள் விடுப்பு கேட்டார். மருந்துப் பெட்டி வரும் நாள் நடுவில் இருந்தது, முடியாது என்றேன். மறுநாள் உடம்பு சரியில்லை என்று கிளினிக்கில் வாங்கிய எம்சி சான்றிதழை அனுப்பிவிட்டுத் திருவிழாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகத்தில் கொஞ்சமும் குற்றவுணர்ச்சி இல்லை. எனக்கு அது உறுத்தியது.

ஆகஸ்டில் படங்கள் கெடத் தொடங்கின. எலும்புகள் மங்கலாக, வயிறும் கழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. படம் எடுப்பவர் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மச்சான், டாக்டர் எலும்புதான் கேட்டாரு. நீ வயிறும் கழுத்தும் சும்மா சேத்துக் குடுத்திருக்கே. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கூட இந்த ஆஃபர் கிடையாது லா."

நான் சிரிக்கவில்லை. ஆயர் தாவாரிலிருந்து பஸ் மாறி வந்த ஒரு வயதானவரை மூன்று முறை திரும்ப வரவைத்து ஊசி போட வேண்டியிருந்தது. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. காலையில் முதல் நோயாளியின் படம் எப்போதும் சுத்தம். மூன்றாவதும் நான்காவதும்தான் மோசம். மருந்தைக் கலந்ததும் பிணைப்பு சரியா என்று ஒரு சொட்டைத் தாள் கீற்றில் வைத்துச் சோதிப்பேன். அதுவும் எப்போதும் சுத்தம். அப்படியானால் நான் கலந்தது சரி. பிறகுதான் யாரோ கெடுக்கிறார்கள். முதல் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் நான் தேநீர் குடிக்கப் போவேன். அந்த நேரத்தில் அறையில் தனியாக இருப்பவர் ஒருவர்தான்.

இதை நினைத்த நிமிடத்திலிருந்து அக்கா செய்த எதுவும் எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. மெதுவாகத் துடைத்தால் எதற்கோ காத்திருக்கிறார் என்று தோன்றியது. வேகமாகத் துடைத்தால் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. ஒருநாள் குப்பி வைத்திருந்த காரீயக் குடுவையின் மூடிமேல் ஒரு நூலிழையை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இழை தரையில் கிடந்தது. தூசி துடைப்பவர் குடுவையையும் துடைப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்று மாலை மருந்து வைக்கும் ஐஸ் பெட்டியைச் சோதித்தேன். கீழ்த்தட்டில், உப்புநீர்ப் போத்தல்களுக்குப் பின்னால், ஒரு சிறிய சத்துமருந்துப் போத்தல். உள்ளே வெறும் தண்ணீர்.

"இது என்னக்கா?"

"புக்கிட் மெர்தாஜாம் தண்ணி சார். கோயில்ல எடுத்தது."

"மருந்துப் பெட்டியில ஏன் இருக்கு?"

"வெளிய வச்சா பாசி புடிக்குது சார். சில பேஷண்ட் ரொம்ப பயந்து கேப்பாங்க. நெத்தியில கொஞ்சூண்டு தொட்டு வைப்பேன். வேற ஒன்னும் இல்ல."

"குப்பிக்குள்ள விட்டீங்களா?"

அவர் முதலில் சிரித்தார். "ஐயோ சார், மூடின குப்பியில எப்படி ஊத்தறது?"

"ஊசியால."

சிரிப்பு நின்றுவிட்டது. "நான் கூட்டறவ சார். எனக்கு ஊசி புடிக்கல்லாம் தெரியாது."

"எம்சி எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஊசி புடிக்கவும் தெரியும்."

இந்த வாக்கியத்தை நான் அப்படியேதான் சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

நான் இந்து, அவர் கிறிஸ்தவர். என் வீட்டிலும் சாமி அறையில் தீர்த்தச் செம்பு உண்டு, அதை யாரும் சந்தேகித்ததில்லை. அவருடைய தண்ணீர் மட்டும் எனக்கு மூடத்தனமாகவும் ஆபத்தாகவும் தெரிந்தது. நிர்வாகத்துக்கு இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். விடுப்பு மறுத்த கோபம், தனியாக இருந்த நேரம், நூலிழை, போத்தல். ஒவ்வொன்றும் உண்மை. சேர்த்து வைத்தபோது பொய். அவர் ஒப்பந்த ஊழியர் என்பதால் பெரிய விசாரணை ஏதுமில்லை. அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். நோயாளிகளின் மருந்தில் கோயில் தண்ணீரைக் கலந்தார் என்ற கதை, அவர் வீடு போய்ச் சேரும் முன்பே சிலிபினுக்குப் போய்விட்டது.

படங்கள் சரியாகவில்லை. புதிதாக வந்த உதவியாளரைச் சந்தேகித்தேன். படம் எடுப்பவரைக்கூடச் சந்தேகித்தேன். எப்போதும் இவ்வளவு கேலி பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தேன். கடைசியில் ஒருநாள் தேநீருக்குப் போகாமல், கதவைத் தாழிட்டு, குப்பியை என் கண்முன்னாலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது நோயாளியின் படம் அப்போதும் கெட்டது.

அறையில் இருந்தது நான் மட்டும்தான்.

அன்று பிற்பகல் ஒவ்வொரு முறை மருந்தை எடுத்த பிறகும் தாள் கீற்றில் சோதித்தேன். முதல் முறை சுத்தம். இரண்டாவதில் கொஞ்சம் பிரிந்திருந்தது. நான்காவதில் பாதிக்குப் பாதி. அப்போதுதான் என் கைகள் என்ன செய்கின்றன என்று கவனித்தேன். மருந்தை உறிஞ்சும் முன், அதே அளவு காற்றை ஊசியில் இழுத்துக் குப்பிக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இது இங்கிலாந்தில் கற்றதல்ல. என் அப்பா ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காயத்துக்கு மருந்து போடுவார், காய்ச்சலுக்கு ஊசி போடுவார். பள்ளி விடுமுறையில் பெனிசிலின் போத்தலைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்பேன். "எடுக்கற அளவுக்குக் காத்த மொத உள்ள வுடு. இல்லாட்டி போத்தல் குடுக்காது" என்பார். பெனிசிலினுக்கு அது சரி. வெள்ளீயத்துக்குக் காற்றுதான் எமன். காற்றுப் பட்டால் அது செயலிழந்துவிடும், பிணைப்பு விட்டுப்போகும். காற்றுப் படக்கூடாது என்று என் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. மூடியைத் திறக்கக்கூடாது என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டிருந்தேன். ஈப்போவின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு, வெள்ளீயத்தைப் பற்றி இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து காற்றை இழுக்காமல் காலி ஊசியைக் குத்தினேன். படங்கள் தெளிந்தன. மருத்துவர் என் தோளில் தட்டி, "ஆளை மாத்தினதும் எல்லாம் சரியாப்போச்சு" என்றார். நான் தலையாட்டினேன். ஊழியர் விருந்துகளில் அக்காவின் போத்தல் ஒரு நகைச்சுவைக் கதையாகிவிட்டது. மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, படம் எடுப்பவர் மதியச் சாப்பாட்டின்போது போகிறபோக்கில் சொன்னார்.

"எங்கத் தெருவுல ஒரு பாட்டி படுத்த படுக்கையா கெடக்குது மச்சான். நம்ம அக்கா கஞ்சி கொண்டுவந்தாங்க. தண்ணி கலந்தவ கையால வேணாம்னு கெழவி மொகத்தத் திருப்பிக்கிச்சு. அக்கா அந்தக் கஞ்சிய அப்படியே திருப்பித் தூக்கிட்டுப் போனாங்க. பாவம் லா. அவங்க சபைக் கூட்டத்துலயும் அவங்கள இப்ப சேத்துக்கறதில்லயாம்."

அந்த வாரமே நிர்வாகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். பிழை என்னுடையது, அது தெரிந்த நாள் இது, மறைத்த காலம் இவ்வளவு என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சிலிபினில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் அப்போது ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

முடித்ததும் சொன்னார், "மொத இருந்த சீன சார் ஊசியக் காலியாத்தான் குத்துவாரு. நீங்க மட்டும் காத்த இழுத்துட்டுக் குத்துவீங்க. ஏன் சார்னு ஒருநாள் கேட்டேன். நீங்க தரையப் பாருங்கன்னு சொன்னீங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

"எங்கிட்ட சொல்லி என்ன சார்? நான் செய்யலன்னு எனக்குத்தான் அப்பவே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

போனேன். அவர் முன்பு கஞ்சி கொண்டுபோன வீடுகளுக்கெல்லாம், ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். வாசலில் நின்று காற்றையும் வெள்ளீயத்தையும் விளக்கினேன். என் சொல் யாருக்கும் பிடிபடவில்லை. தலையாட்டினார்கள், தேநீர் கொடுத்தார்கள், என் சட்டையையும் காரையும் பார்த்தார்கள். ஒரு வீட்டில் நான் செருப்பை மாட்டும்போதே உள்ளே பேச்சு கேட்டது.

"இம்புட்டுப் படிச்சவரு, வேல மெனக்கெட்டு வந்து தப்பு என்மேலதான்னு சொல்றாரு. அந்தம்மாவுக்காகவா? சும்மா இருக்குமா லா?"

"வீட்டுக்கு வேற போனாராம், புருசன் லோரியில போயிருந்த நேரத்துல."

அடுத்த வாரம் அக்காவின் கணவர் மருத்துவமனைக்கே வந்தார். லோரி ஓட்டுபவர், பெரிய உடம்பு. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"சார், நீங்க நல்ல மனசோடதான் செய்றீங்க, எனக்குத் தெரியும். அவளும் சொன்னா. ஆனா இனிமே யார் வீட்டுக்கும் போகாதீங்க. எங்க தெருப்பக்கமும் வராதீங்க. மொத தண்ணி கலந்தவன்னு சொன்னாங்க. இப்ப வேற மாதிரி சொல்றானுங்க."

நான் சரி என்றேன்.

நிர்வாகம் என் கடிதத்தை ஏற்றுக்கொண்டது. மருந்து கலக்கும் வேலையிலிருந்து என்னை எடுத்து, மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். அது நியாயம். அக்காவைத் திரும்ப வேலைக்கு அழைத்துக் கடிதம் அனுப்பினார்கள். அவரிடமிருந்து பதில் வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்கள் சிலிபின் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆயர் தாவாரில் அவருடைய தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டதாகப் படம் எடுப்பவர் சொன்னார். அவர்களை அங்கிருந்து போகவைத்தது நான் முதலில் எழுதிய அறிக்கையா, பிறகு வாசல் வாசலாக நின்று சொன்னதா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் மச்சான்" என்றார். அன்று அவர் கேலி பேசவில்லை.