ரொட்டிக்கடை வாசலில் தண்ணீர்

என் அப்பா நஜ்முதீன், மெல்போர்ன் பக்கம் டாண்டினாங்கில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். எதிரே தோர்யாலை மாமாவின் ரொட்டிக்கடை. அப்பா 'அசல் காபூல் ரொட்டி' என்று பலகை மாட்டினார். மறுநாள் எதிரே 'அதைவிட அசல்' என்று தொங்கியது. அப்பா விடுவாரா? 'காபூலில் கிடைப்பதே போலி' என்று எழுதிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நான்தான் தலைகாட்ட முடியாமல் தவித்தேன்.

ரம்ஜானில் கூட்டமெல்லாம் எதிர்க்கடைக்குப் போனதும் அப்பா தெருவில் நின்று கத்தினார். "கடைய வித்துட்டு பெர்த்துக்கே போறேன்யா! இந்தத் தெருவ நீயே கட்டிக்கிட்டு அழு!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் வீம்புக்கு, கடையை வாங்க ஆளும் பார்த்துவிட்டார். பெர்த்தோ நாட்டின் மறுகோடி. அங்கே எங்களுக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

அன்றிலிருந்துதான் அந்த மர்மம். அப்பா வெளியே போய்த் திரும்பினால் கடைவாசல் ஈரமாக இருக்கும். பால் வாங்கப் போனாலும் ஈரம், முடி வெட்டப் போனாலும் ஈரம். ஒருநாள் வழுக்கி, ரொட்டிக் கூடையோடு விழுந்தார்.

"என் இடுப்ப ஒடிக்கப் பாக்குறான்!" என்றார்.

"ஒளிஞ்சு நின்னு பாக்கலாமேப்பா?"

"போடி, தடயம்தான் முக்கியம்."

கால்தடம் பிடிக்க வாசலெல்லாம் கோதுமை மாவைத் தூவிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். மாவில் தண்ணீர் பட்டால் என்னவாகும் என்று, காலமெல்லாம் மாவு பிசைந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை! திரும்பி வந்தால் வாசலே களி. நடுவில் ஒரு இடதுகால் செருப்பு புதைந்து கிடந்தது.

அதைப் பிடுங்கிக்கொண்டு அப்பா எதிர்க்கடைக்குப் பாய்ந்தார். தோர்யாலை மாமா ஒற்றைக்கால் செருப்போடு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாருதுய்யா?"

"என்னுதுதான், குடு."

"ஏன்யா தண்ணி ஊத்துன?"

"பயணம் போறவன் திரும்பி வரணும்னா பின்னாடி தண்ணி ஊத்தணும். உனக்குத் தெரியாதாக்கும்?"

எங்கள் ஆப்கான் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். எதிரிக்கும் ஒருவன் ஊற்றுவான் என்று யார் கண்டது?

"பால் வாங்கப் போனதுக்குமா?"

"நீ எப்ப பெர்த்துக்குக் கிளம்புவேன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? நீ போயிட்டா நான் யார்கிட்டய்யா கத்துறது?"

அப்பா செருப்பில் ஒட்டிய மாவை வெகுநேரம் சுரண்டிவிட்டுக் கொடுத்தார். "பெர்த்துல வெயில் ஜாஸ்தியாம்" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

போன வாரம் தோர்யாலை மாமா தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காக சிட்னி கிளம்பினார். அப்பா மாவு பிசையும் அண்டா நிறையத் தண்ணீரைத் தூக்கிவந்து, கார் பின்னால் அப்படியே கவிழ்த்தார். முழங்கால்வரை நனைந்துபோய் நின்று கத்தினார்.

"சீக்கிரம் வந்து தொலைய்யா!"