பன்னிரண்டு சொற்கள்

2006-ல் சிதம்பரத்தில் ஒரு மனநலப் பிரிவில் நோயாளிகளின் ஞாபகசக்தியைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். பன்னிரண்டு சொற்களை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொல்வேன். பிறகு, நினைவில் வைக்க ஒரு வழி கற்றுக்கொடுத்து மறுபடி கேட்பேன். எத்தனை சொற்கள் கூடுகின்றன என்பதை வைத்து, அந்த ஆள் இனி புதிதாக எதையாவது கற்றுக்கொள்வாரா என்று சொல்லிவிடலாமாம். நானும் நம்பித் தொலைத்தேன்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒருவரை அவர் மனைவி கூட்டி வந்தார். பண்ருட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நோய் வந்து இரண்டு வருஷமாக வீட்டில். தேறிவிட்டார் என்று எழுதி வாங்கி வந்தால் வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். முதலில் நான்கு சொற்கள் சொன்னார். கற்றுக்கொடுத்த பிறகும் நான்குதான். மாத்திரையை மாற்றியிருந்ததால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

அடுத்த மாதம், நான் வாயைத் திறப்பதற்குள், "மாம்பழம், சாவி, குடை" என்று தொடங்கி பன்னிரண்டையும் வரிசை மாறாமல் ஒப்பித்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. போன தடவை மனைவி பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் மகளின் நோட்டில் எழுதிக்கொண்டுபோய், தினமும் காலையில் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். "இப்படிப் பண்ணா டெஸ்ட் எதுக்கு?" என்று கத்தினேன்.

"படிச்சாதான மேடம் பாஸ் பண்ண முடியும்? புள்ளைங்களுக்கும் அப்படித்தான சொல்லிக் குடுக்கறோம்" என்றார் அந்தம்மா.

வேறு பன்னிரண்டு சொற்கள் இருந்த இரண்டாவது பட்டியலை எடுத்து வாசித்தேன். அவர் கவனமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "மாம்பழம், சாவி" என்று ஆரம்பித்தார். மறுபடி வாசித்தேன். மறுபடியும் மாம்பழம். மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

புதிதாகக் கற்கும் திறன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரே மாதத்தில் ஒருத்தி அவருக்குள் பன்னிரண்டு சொற்களை ஏற்றியிருக்கிறாளே, அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. இருந்திருந்தாலும் அன்றைய கோபத்தில் எழுதியிருக்க மாட்டேன். அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

2012-ல் கடலூர் பஸ் நிலையத்தில் இருவரையும் பார்த்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அந்தம்மாவுக்குத் தெரிந்தது. "மேடம் வந்திருக்காங்க, சொல்லுங்க" என்று கணவரின் முழங்கையைத் தொட்டார். அத்தனை கூட்டத்தில் அவர் நிமிர்ந்து நின்று பன்னிரண்டையும் ஒப்பித்தார்.

"தெனமும் கேக்கறேன் மேடம், ஒண்ணுகூட மறக்கல. மறுபடி எப்ப டெஸ்ட் வைப்பீங்க?"

நான் அந்த வேலையை விட்டே மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பஸ் கிளம்பப்போகிறது என்று சொல்லி, பக்கத்தில் நின்ற ஒன்றில் ஏறிக்கொண்டேன். அது நான் போகவேண்டிய பஸ்கூட இல்லை.