இரண்டு விரல் சலாம்

நெற்றியில் இரண்டு விரலை வைத்து, காற்றைச் சரக்கென்று வெட்டுகிறார். அந்த வெட்டு விழுந்தால்தான் நிலையத்திலிருந்து பேருந்து கிளம்பும். கழுத்தில் விசில் சும்மா தொங்குகிறது. நேரக் காப்பாளர் என்பது சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயர். ஓட்டுநர் முதல் தரை கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கர்னல்.

சலாம் ஒரு பழைய போர்ப்படத்திலிருந்து வந்தது. அதில் பாலத்து முனையில் நிற்கும் கர்னல், கடைசி வண்டியை அப்படித்தான் எதிர்க்கரைக்கு அனுப்பிவைப்பார். நம்மவர் பதினேழு முறை பார்த்திருக்கிறார். "பாலம் நம்மது, கெளம்பு" என்று அந்தப் படத்துக் கர்னலின் வசனத்தை இவர் சொல்லப்போக, படத்தின் சுவரொட்டியைக்கூடப் பார்க்காத நடத்துநர்கள் இன்று அதைச் சொல்லித்தான் படியேறுகிறார்கள். பஞ்சரான வண்டிக்கு இங்கே 'காயம்பட்டவன்' என்று பெயர். விடுப்புக் கேட்டால், "என்ன, சரணடையறியா?" என்பார்கள்.

மனிதர் ஓரிடத்தில் நிற்க மாட்டார், காலில் சக்கரம். டயரை உதைப்பார், கடிகாரத்தை முறைப்பார், ஆறிப்போன டீயை மறந்துவிட்டு இன்னொன்று சொல்வார்.

இந்த வாரம் அது ரொம்ப முற்றிவிட்டது. மகள் ராணுவத்தில் சேர்கிறாள். நடை பழகுவதற்கு முன்பே அவளுக்குச் சலாம் பழக்கியவர் இவர்தான், யாரை நொந்துகொள்வது? மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "படத்துல அந்த வண்டி திரும்பி வந்துச்சா?"

வரவில்லை. படம் பாலத்தோடு முடிந்துவிடும். பதினேழு முறை பார்த்தவருக்கு அது அப்போதுதான் உறைத்தது, பாவம்.

காலை ஒன்பது நாற்பது வண்டி. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கர்னல் முன்சக்கரத்தை மூன்றாவது தடவையாக உதைத்தார். பிரேக்கை இன்னொரு முறை அழுத்திப் பார்க்கச் சொன்னார். மணி ஒன்பது ஐம்பது. முப்பது வருடத்தில் இவரால் ஒரு வண்டியும் தாமதமானதில்லை.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "என்ன கர்னல், பாலம் நம்மதுதானே?"

"அப்பா, நேரமாச்சுப்பா. கை காட்டுங்க," என்றாள் மகள்.

கை எழுந்தது. இரண்டு விரலும் நெற்றி வரை போய் நின்றன. பிறகு ஐந்து விரலும் விரிந்தன. பள்ளிக்கூட வாசலில் குழந்தைக்கு ஆட்டுவதுபோல் ஆட்டினார். அப்படியொரு சைகைக்கு வண்டி எடுத்துப் பழக்கமில்லாத ஓட்டுநர், சலாமுக்காகக் காத்திருந்தார். கர்னல் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.