கட்டிலின் நடுவே ஓர் ஓட்டை

கேன்வாஸ் கட்டிலின் நடுவில் கத்தரிக்கோலைச் செருகி, தட்டு அகலத்துக்கு வட்டமாக வெட்டுவாள். பிறகு ஓரத்தை மடித்து, தடித்த ஊசியால் இழுத்து இழுத்துத் தைப்பாள். காலரா பரவி, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியானபோது, கூலி வாங்காமல் உதவ வந்த எங்கள் தெருத் தையல்காரிக்கு நான் கொடுத்த முதல் வேலை அது.

ஓட்டைக்குக் கீழே வாளி. வாளியில் எவ்வளவு பேதி சேர்கிறதோ, அவ்வளவு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் வாய்வழி உள்ளே போக வேண்டும். நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள் நான், சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் டம்ளரும் கையுமாகத் திரிந்தாள்.

ஏழாம் கட்டிலுக்கு அவளுடைய நாத்தனாரைத் தூக்கிவந்தார்கள். இவள் தைத்த கல்யாணத் துணி பிடிப்பாகப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"வெட்டுறதுல கை தேறிட்டீங்க அண்ணி. அன்னைக்கு என் கல்யாணத் துணி, இன்னைக்குக் கட்டில்."

"வாயாடாம குடி. குடிச்சாத்தான் நாளைக்கும் என்னைத் திட்டத் தெம்பிருக்கும்."

குடித்தாள். நாடி மெல்லத் திரும்பியது.

மறுநாள் காலை, பெரிய அதிகாரி அன்றே பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் வாளிகளை அப்புறப்படுத்தினார். ஓட்டைகளை மறைத்துப் பிளாஸ்டிக், அதன்மேல் புது வெள்ளை விரிப்பு. எங்களையோ வாசலில் வரவேற்பு வரிசையில் நிறுத்தினார்.

"உள்ள யாரு தண்ணி கொடுக்கிறது?" என்று கத்தினேன்.

"போட்டோ எடுப்பாங்கம்மா. வாளி அசிங்கமா இருக்கும். கொஞ்ச நேரம்தானே?"

கொஞ்ச நேரம் சாயங்காலம் வரை நீண்டது. நடுவில் உள்ளே நழுவப் பார்த்த தையல்காரியைக் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினார். வந்த மகராசன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளே ஓடினோம். ஏழாம் கட்டிலில், வெள்ளை விரிப்புக்கு அடியில், பிளாஸ்டிக்கில் எல்லாம் குளமாகத் தேங்கியிருந்தது. நாத்தனாருக்குக் கண் செருகிவிட்டது. சலைன் ஏற்ற டாக்டர் நரம்பைத் தேடினார், தேடினார், அகப்படவில்லை. இருட்டுவதற்குள் முடிந்துபோயிற்று.

"அவங்க உடம்பு தாங்கலம்மா" என்றார் மேற்பார்வையாளர்.

தாங்கிக்கொண்டுதான் இருந்தது. வாளியையும் டம்ளரையும் பிடுங்கியது யார்?

மறுநாள் காலை தையல்காரி வீங்கிய கண்களோடு வந்தாள். மிச்சமிருந்த புது விரிப்புக் கட்டைப் பிரித்து மேசையில் அடுக்கிக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, புதுத் துணிம்மா!" என்று மேற்பார்வையாளர் பதறினார்.

"தெரியுது. நகருங்க."

ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமாக வெட்டினாள். நான் பிளாஸ்டிக்கை உருவி எறிந்துவிட்டு, வாளிகளைக் கட்டில்களுக்கு அடியில் தள்ளினேன். ஏழாம் கட்டிலில் புதிதாக ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவி, அவள் டம்ளரை எடுத்தாள்.