தாளின் பின்பக்கம்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தப் பிழை என் கையில் தொடங்கினாலும், அது பண்டத்தரிப்பு வரைக்கும் போனது என் கோபத்தால்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எதுவும் யாழ்ப்பாணத்துக்குள் ஒழுங்காக வராத காலம். ஆய்வுகூடச் சாமான்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் அரியாலைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் அலுமாரியில் அரைப் போத்தல் செறிந்த சல்பூரிக்கமிலம் மிஞ்சியிருந்தது, தராசு இல்லை. பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் தராசு இருந்தது, அமிலம் இல்லை. குருநகர்க் கடற்கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் கண்ணாடிச் சாமான்கள் எப்படியோ உடையாமல் தப்பியிருந்தன. எல்லாவற்றையும் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் வைக்கோல் போட்டு அடுக்கினோம். பெட்டி சைக்கிள் கரியரில் ஏறி, ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமை, ஏழு நாள் என்று சுற்றத் தொடங்கியது.

பெட்டியோடு ஒரு தாளும் போகும். பரிசோதனையை எப்படிச் செய்வது என்று இலக்கமிட்டு நான் எழுதுவேன். காபன் தாள் வைத்து எடுத்த பிரதி என்னிடம் இருக்கும். தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விடவேண்டும். செய்து பார்த்தவர், கண்ட பிழையையோ குறையையோ அதில் எழுதி அடுத்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். மூன்று பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் பேசி வைத்த ஒழுங்கு அது.

அந்த ஒழுங்கைக் கெடுத்தவள் நான். முந்தின தவணையில் குருநகர் ரீச்சர் பின்பக்கத்தில் மூன்று திருத்தம் எழுதியிருந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது எனக்கு. கூடிக் கதைக்கிற இடத்தில் எல்லோருக்கும் முன்னால் தாளை மேசையில் போட்டு, "நான் பதினாலு வருசமாப் படிப்பிக்கிறன். உம்மடை திருத்தம் எனக்குத் தேவையில்லை" என்றேன். அவர் முகம் கறுத்துப்போனது. திருத்தங்களில் இரண்டு சரியானவை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அதற்குப் பிறகு பின்பக்கம் வெறுமையாகவே திரும்பி வந்தது. பார், ஒரு பிழையும் இல்லை என்று எனக்குள் பெருமையும் புளுகமும் வேறு.

அன்று வியாழக்கிழமை. காலையில் பாடக்குறிப்பில் பதிவதற்காக என்னிடமிருந்த பிரதியை எடுத்தேன். மூன்றாவது வரி: முகவையில் அமிலத்தை எடுக்கவும். நான்காவது வரி: அதற்குள் நீரை ஊற்றவும்.

என்ரை கடவுளே!

நீருக்குள்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடவேண்டும். மாறி ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்துக்குச் சீறும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அந்தத் தாளை எழுதிக்கொண்டிருந்தபோது குண்டு போடும் பொம்மர் வந்தது. பாதியில் விட்டுவிட்டுப் பதுங்குகுழிப் பங்கருக்குள் ஓடினேன். திரும்பி வந்து மிச்சத்தை எழுதினேன், வாசித்துப் பார்க்கவில்லை. நான் எழுதியதை நானே ஏன் சரிபார்க்கவேண்டும் என்ற எண்ணம். என் வகுப்பில் தாளைப் பார்க்காமலே செய்துகாட்டியதால் ஒன்றும் நடக்கவில்லை.

குருநகருக்குரிய கிழமை முடிந்துவிட்டது. பெட்டி நேற்றே பண்டத்தரிப்புக்குப் போயிருக்கவேண்டும். அங்கே விஞ்ஞானம் எடுப்பவர் உண்மையில் கணித மாஸ்ரர். ஆள் இல்லாததால் அவர் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள். "நீங்கள் எழுதித் தாறபடி அச்சொட்டாச் செய்வன், ரீச்சர்" என்று எனக்குச் சொன்னவர். அவருடைய செய்முறைப் பாடம் இடைவேளைக்குப் பிறகு, பத்தரைக்கு. என் மணிக்கூட்டில் எட்டேகால்.

ரெலிபோன் என்ற சாமானை நாங்கள் மறந்து கனகாலம். அதிபரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். ஒருவேளை பெட்டி இன்னும் குருநகரில் கிடக்கலாம் என்ற நப்பாசையில் முதலில் அங்கே போனேன்.

குருநகர் ரீச்சர் வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"பெட்டி எங்கை?"

"நேற்றே கொண்டுபோய்க் குடுத்திட்டன். மாஸ்ரர் வகுப்பிலை நிண்டவர், அதிபரின்ரை ஒவ்வீசிலை வைச்சிட்டு வந்தனான். ஏன் ரீச்சர்?"

"தாளிலை மூண்டாவது வரி..."

"ஓம், கண்டனான்" என்றார் அவர், ஆறுதலாக. "நான் கரும்பலகையிலை மாத்தி எழுதித்தான் செய்விச்சனான்."

"கண்டனீரோ? கண்டிட்டுப் பின்பக்கம் எழுதாமல் அனுப்பினீரோ? உமக்கு அறிவிருக்கோ?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "போன முறை எழுதினதுக்கு என்ன சொன்னனீங்கள், ரீச்சர்?"

அவர்தான் முதலில் சுதாரித்தார். "அவர் கணக்குப் படிப்பிக்கிற ஆள் எண்டது எனக்கு நினைவிலை வரேல்லை. ஐயோ, கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, கெதியாப் போங்கோ!"

மிதித்தேன். ஆனைக்கோட்டை தாண்டும்போது செயின் கழன்றது. கை முழுக்கக் கிறீஸ், சேலைக் கரை முழுக்கக் கிறீஸ். செயினைத் திட்டினேன், குருநகர் ரீச்சரைத் திட்டினேன், அவர் என்னிடம் கேட்ட கேள்வி திரும்பத் திரும்ப வந்தபோது அழுகை வந்தது. மானிப்பாயில் ஒன்பதே முக்கால். பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். சண்டிலிப்பாய்க்குக் கிட்டப் போகும்போது எதிரே வந்த ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு, "பொம்மர் சுத்துது, படுங்கோ அக்கா!" என்று கத்தினார்.

வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தேன். எங்கேயோ தூரத்தில் இரண்டு குண்டு விழுந்தது. வழக்கமாகத் தேவாரம் சொல்லுவேன். அன்று ஒன்றும் வரவில்லை. மணிக்கூட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கிடந்தேன். பத்து ஐந்து. பத்துப் பத்து. பத்துப் பதினேழு. என் உயிரைப் பற்றி ஒரு துளி யோசனை இல்லை. பொம்மர்காரனுடைய குண்டு எங்கே விழும் என்று எனக்குத் தெரியாது, என்னுடையது எங்கே விழும் என்று தெரியும். சத்தம் முழுதாக ஓய முதலே எழும்பிச் சைக்கிளில் ஏறி ஓடினேன். பின்னால் அந்த மனிதர் ஏதோ ஏசினார்.

பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது பத்து ஐம்பது. பிள்ளைகள் எல்லாம் முற்றத்து வேம்பின் கீழ் நின்றார்கள். ஒரு பிள்ளையும் கதைக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகமும் முழுதாக இருந்தது.

மாஸ்ரர் கிணற்றடியில் இருந்தார். வலது கை தண்ணீர் வாளிக்குள். கன்னத்தில் ஈரத் துணி. மூக்குக்கண்ணாடி பக்கத்தில் கிடந்தது, ஒரு வில்லை முழுக்கப் புள்ளி புள்ளியாக. அதுதான் கண்ணைக் காப்பாற்றியிருந்தது. பிள்ளைகளுக்குச் செய்விக்க முதல், இடைவேளையில் தனியே ஒருக்கால் செய்து பார்ப்பது அவர் வழக்கமாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் தேடப் போயிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர். உங்கடை அமிலத்தைக் கொஞ்சம் வீணாக்கிப்போட்டன். தாளிலை உள்ளபடிதான் செய்தனான். என்ரை கைதான் எங்கையோ பிழைச்சுப்போச்சு."

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த ஒரு கணம் அந்த எண்ணமும் வந்தது, பொய் சொல்லவில்லை.

"உங்கடை கை பிழைக்கேல்லை, மாஸ்ரர். தாள் பிழை. நான் எழுதினது பிழை."

அவர் சிரித்தார். கன்னம் இழுத்ததில் முகம் கோணியது. "என்னைத் தேத்திறதுக்குச் சொல்லுறியள்."

ஆய்வு மேசையில் கிடந்த தாளை எடுத்துவந்து அந்த இரண்டு வரியையும் காட்டினேன். தண்ணீருக்குள்தான் அமிலம் என்று விளங்கப்படுத்தினேன். கணக்குச் சரிபார்ப்பவர் போல நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப குருநகர் ரீச்சர் இதைக் காணேல்லையோ?"

"கண்டவ."

"பிறகேன் எழுதேல்லை?"

"என்ரை வாய்க்குப் பயத்திலை" என்றேன். அதைச் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு தரம் மூச்சு எடுக்கவேண்டியிருந்தது.

நான் தாளைத் திருப்பி வெறும் பக்கத்தை அவர் மடியில் வைத்து, என் பேனையை நீட்டினேன். "நீங்கள் எழுதுங்கோ மாஸ்ரர். இது திரும்பக் குருநகருக்குப் போகட்டும். அவவும் எழுதட்டும்."

வலது கை வாளிக்குள் இருந்தபடியால் இடது கையால் பேனையை வாங்கினார். தாளில் முனையை வைத்தவர் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

"எழுதினால் கோவிக்கமாட்டியளே, ரீச்சர்?"