மிரர் பட்டனும் ஒரு கல்யாண ஜாக்கெட்டும்

பாதி ஜாக்கெட்டோடு என் லேப்டாப் நின்றுவிட்டது.

வலது பக்கம் முழுசாக இருக்கிறது. கழுத்து வளைவு, தோள், கை வெட்டு, தோளில் இறங்கும் திராட்சைக் கொடி... எல்லாம் திரையில் ஜோராக நிற்கின்றன. இடது பக்கம் வெறும் கறுப்பு. நடுவில் ஒரு சின்ன நீல வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பழனிசெட்டிபட்டியில் அன்றைக்கு அடித்த வெயில் அப்படி. ஒரு பக்கம் வீரபாண்டித் திருவிழாவுக்குத் துணிகள். இன்னொரு பக்கம் ஈஸ்டர் முடிந்து வரிசையாக வரும் கல்யாணங்கள். என் தையல் கடை முழுக்கத் துணிப் பை. நடுவில் டேபிள் ஃபேனுக்கு எதிரே, நாலு நூல்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது என் லேப்டாப். நூல்கட்டை எதற்கு? அடியில் காற்று போக! இல்லாவிட்டால் அதன் வயிறு தோசைக்கல் மாதிரி கொதிக்கும்.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சாப்பிட வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன செல்வி, உன் கம்ப்யூட்டரு தியானத்துல இருக்கா?"

"ம்."

"நம்ம வண்டியாவது பரவால்ல. மேட்டுல நின்னா எறங்கித் தள்ளலாம். இத எங்கன புடிச்சுத் தள்ளுவ?"

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எழுதச் சொன்னால் வளவளவென்று எழுதுவேன். நேரில் வந்தால் 'ம்' மட்டும்தான். பத்தாவதோடு படிப்பு முடிந்தது, தையல் தொடங்கியது. கடையில் என் உதட்டில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். வேலைக்குத்தான் வைத்திருக்கிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன் — வாயில் ஊசி இருந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை!

சரி, டெய்லருக்கு எதற்கு லேப்டாப்?

என் மகள் கார்த்திகா பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். படிக்கும்போது தேனியில் செகண்ட்ஹேண்டில் ஒரு குட்டி லேப்டாப் வாங்கினோம். டிபன் தட்டு அகலம்தான் இருக்கும். அதில் வீட்டுப் பிளான் வரையும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுவைத்திருந்தாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் அங்கே பெரிய கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டார்கள். இது என் கடை அலமாரிக்கு வந்தது. போன வருடம் ஒரு மதியம், வேலையில்லாமல் அதைத் திறந்து, அவள் வரைந்த வீடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு நேர்கோடு. ஆர்ச்சுக்கு வளைகோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அளவு.

அட... ஜாக்கெட்டும் இதுதானே? நேர்கோடு, வளைகோடு, அளவு. வீடு வரைகிற சாஃப்ட்வேரில் ஜாக்கெட் வரைந்தால் அது வேண்டாம் என்றா சொல்லிவிடும்?

சொல்லவில்லை! அன்றைக்கு ஒரு ஷோல்டர் கோடு போட்டேன் பாருங்கள்... சாக்பீஸை வைத்து லட்சம் கோடு போட்ட கைதான். ஆனாலும் அந்த முதல் கோடு திரையில் பளிச்சென்று விழுந்தபோது எழுந்து நின்றே பார்த்தேன். தப்பாகப் போட்டால் ஒரு பட்டன், அழிந்துவிடும். கத்தரிக்கோலில் எங்கே இருக்கிறது அந்த வசதி? 'ஆஃப்செட்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு கோட்டைத் தொட்டு அரை இஞ்ச் என்றால், சுற்றிலும் அரை இஞ்ச் தள்ளி இன்னொரு கோடு தானாக வந்து நிற்கும். தையலுக்குத் துணி விட வேண்டும் அல்லவா? அதற்காகவே செய்த மாதிரி! சிமென்ட் வீட்டுக்காரர்களுக்கு இது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் என் செல்லம் 'மிரர்'. பாதியை வரைந்து, நடுக்கோட்டைக் காட்டினால் மறுபாதி கண்ணாடியில் விழுந்த மாதிரி வந்துவிடும்.

குட்டி லேப்டாப்புக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நெட்டை அணைக்க வேண்டும். பின்னால் தெரியும் கட்டம் கட்டமான கோடுகளை எடுத்துவிட வேண்டும். வேறு எதையும் திறக்கக் கூடாது. பேட்டரி போய்விட்டதால் ஒயரைப் பிடுங்கக் கூடாது. திட்டக் கூடாது — இது என் சொந்த நம்பிக்கை.

இப்போது அந்தப் பாதி ஜாக்கெட்டுக்கு வருவோம்.

அது அருள்மேரியின் கல்யாண ஜாக்கெட். உத்தமபாளையம் தாண்டி ஒரு கிராமம். நர்சரிப் பள்ளியில் டீச்சர். அம்மா மரியபுஷ்பத்தோடு வந்திருந்தாள். சந்தனக் கலர் பட்டு. கழுத்திலும் தோள்களிலும் திராட்சைக் கொடி ஆரி ஒர்க், அதாவது கொக்கி ஊசியில் போடும் பூ வேலை, வேண்டும். அவர்கள் தோட்டமே திராட்சைப் பந்தல்தான்.

நான் இஞ்ச் டேப்பை எடுத்ததும் மரியபுஷ்பம் கையை நீட்டித் தடுத்தார்.

"டேப்பெல்லாம் எதுக்குத்தா? அளவு ஜாக்கெட்டு கொண்டாந்துருக்கேன்ல. இத வச்சே வெட்டிரு."

"ஒரு தடவ எடுத்துக்கிரட்டும்மா..." என்றாள் அருள்மேரி.

"நீ மொதல்ல நிமிந்து நில்லு! எந்நேரமும் ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு. டெய்லர்மாருகள்லாம் நல்லாத்தான் தைக்கிறாக, நீ நிக்கிற லட்சணம் அப்படி."

அந்தப் பெண் சேலை முந்தானையைச் சுற்றி எடுத்து இடது தோளை மூடிக்கொண்டாள். போகும்போது மட்டும், அம்மா செருப்பு மாட்டுகிற நேரத்தில், மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, போர்டுல எழுதக் கையத் தூக்குனா இந்தப் பக்கம் ஜாக்கெட்டு எறங்கிருதுக்கா. பிள்ளைக சிரிக்குதுக. கல்யாணத்தன்னைக்காவது எறங்காம இருக்கணும்."

நான் ஊசிகளோடு 'ம்' என்றேன்.

ஆரி ஒர்க்கில் ஒரு சங்கடம் உண்டு. துணியை வெட்டுவதற்கு முன்பே, ஜாக்கெட்டின் வடிவத்தைப் பேப்பரில் எடுத்து, துணியில் அச்சாகப் பதித்து, அதற்குள் பூ வேலை செய்வார்கள். அப்புறம்தான் வெட்டு. அதனால் வடிவம் தப்பினால் தப்பியதுதான். துணியைப் பிடித்துச் சிறிதாக்கவும் முடியாது, விட்டுப் பெரிதாக்கவும் முடியாது. போடியில் ஆரி போடும் அக்கா, "வியாழக்கெழமைக்குள்ள பேப்பர் வரலேன்னா கல்யாணத்துக்குள்ள முடியாது செல்வி" என்று சொல்லியிருந்தார்.

அந்த அவசரத்தில்தான் வலது பக்கத்தை வரைந்து, திராட்சையையும் வரைந்து, மிரரை அழுத்தினேன். குலை குலையாகத் திராட்சை. ஒவ்வொரு பழமும் ஒரு வட்டம். பாவம், அத்தனை வட்டத்தையும் கண்ணாடியில் காட்ட அந்தக் குட்டி மூளையால் முடியவில்லை. மூடித் திறந்தேன். மறுபடி நின்றது. மூன்றாம் தடவை கும்பிட்டுவிட்டு அழுத்தினேன். அப்போதும் நின்றது.

கார்த்திகாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அது லேப்டாப்பா, கால்குலேட்டரா? அதுமேல அம்புட்டுத் தெராட்சைய ஏத்துனா என்ன செய்யும்?"

"வழியச் சொல்லுடி."

"மிரர விடு. இடது பக்கத்தையும் கையால வரைஞ்சுக்க. சைஸு அளவு ஜாக்கெட்டுல இருக்கும்ல? அளந்து போடு."

இடது பக்கத்தை அளப்பதா? சிரிப்பு வந்தது. இத்தனை வருடத் தையலில் யாருடைய இடது பக்கத்தையாவது அளந்திருக்கிறேனா? நாங்கள் எல்லாருமே அப்படித்தான். அளவு ஜாக்கெட்டை இரண்டாக மடிப்போம், வலது பக்கம் மேலே இருக்கும், அதை அளப்போம். துணியையும் இரண்டாக மடித்து ஒரே வெட்டு. யோசித்தால், நான் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே மிரர் பட்டனை அழுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்!

மடிப்பை விரித்து, அருள்மேரியின் அளவு ஜாக்கெட்டைத் திருப்பினேன்.

இடது தோள் தையலின் உள்பக்கம் கறுப்பு நூல். மெஷின் தையல் இல்லை, கைத்தையல். முக்கால் இஞ்ச் துணியை மடித்து, யாருக்கும் தெரியாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கத்திலேயே ஊக்குக் குத்திக் குத்தி விழுந்த சின்னச் சின்ன ஓட்டைகள்.

இரண்டு தோளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் சாய்ந்து நிற்கவில்லை. அவளுடைய இடது தோளே வலதைவிட இறங்கியிருக்கிறது. எல்லாரும் நன்றாகத்தான் தைத்திருக்கிறார்கள் — அவளுடைய வலது பக்கத்துக்கு, இரண்டு தடவை!

இதை எப்படிக் கேட்பது? போன் செய்தால் பக்கத்தில் மரியபுஷ்பம் இருப்பார். அவள் தனியாக இருந்தாலும் என்ன பேசுவது? எனக்கோ வாய் வராது. ஆனால் எனக்கு இப்போது வரைய வருமே! திராட்சையையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் கோட்டில் இரண்டு தோளையும் வரைந்தேன். வலது தோள் ஒரு உயரத்தில். இடது முக்கால் இஞ்ச் கீழே. திரையைப் போட்டோ எடுத்து அருள்மேரியின் நம்பருக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் பஸ் பிடித்துத் தனியாக வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"யாருக்கா சொன்னா?"

ஊசிகளை வாயிலிருந்து எடுத்து வைத்தேன்.

"யாரும் சொல்லல. லேப்டாப்பு மக்கர் பண்ணிருச்சு. அதான் தெரிஞ்சுது."

அவளுக்குப் புரியவில்லை. நீல வட்டத்திலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொன்னேன். நான் ஒரு கஸ்டமரிடம் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. கேட்டுக் கேட்டுக் கடைசியில் சிரித்தேவிட்டாள்.

"அம்மாவுக்கும் தெரியும்க்கா, நிமிந்து நின்னா சரியாயிரும்னு நெனைக்கிறாக. மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சுருமோன்னு பயம். அவருட்ட நான் எப்பயோ சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாக?"

"'எனக்கு ஒரு காது பெருசு, நீ பாக்கலையா?'ன்னு கேட்டாக."

நல்ல மாப்பிள்ளை! இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்தேன். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளும் திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். நீல வட்டம் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். போய்விட்டது! "சேவ் பண்ணுங்கக்கா, சேவ் பண்ணுங்க!" என்று அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இடது தோள் கோடு இறங்கி வந்து கைவெட்டோடு சேர்ந்தபோது, அவள் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இது நானாக்கா?"

"ம்." இந்த 'ம்' வேறு.

இடது பக்கத் திராட்சையை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்தேன். சரிவு வேறு என்பதால் கடைசிக் குலையில் ஒரு பழம் குறைந்துவிட்டது. யார் எண்ணப் போகிறார்கள்? பிரிண்ட் எடுத்து, தாள்களை ஒட்டி, வெள்ளைக் காடாத் துணியில் ஒரு வெள்ளோட்டம் தைத்துப் போட்டுப் பார்த்தோம். போர்டு இல்லாததால் என் கடைச் சுவரில் எட்டி 'அ' எழுதிக் காட்டினாள். துணி அசையவில்லை! மறுபடி எழுதினாள். ஆ, இ, ஈ... உயிரெழுத்து முழுவதையும் எழுதிவிட்டுத்தான் நிறுத்தினாள். சுவரில் அது இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க மனமில்லை.

போடிக்கு அனுப்பிய பேப்பரில் பெரிய எழுத்தில் ஒரு குறிப்புக் குத்தினேன்: 'இது கோணல் இல்லை. இப்படியே போடவும்.' இல்லாவிட்டால் அந்த அக்கா நல்ல மனசோடு நேராக்கிவிடுவார்.

ஜாக்கெட் வாங்க மரியபுஷ்பமும் வந்தார். மகள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். முந்தானையைச் சுற்றவில்லை. அந்த அம்மா சுற்றிவந்து முன்னும் பின்னும் பார்த்தார். அப்புறம் மகளின் இடது தோளில் இருந்த குலையை விரலால் தடவினார்.

"நிமிந்து நில்லு நிமிந்து நில்லுன்னு வஞ்சுக்கிட்டே இருந்தேன். நிமிந்துதான நின்னுருக்க, ஆத்தா."

பிறகு என் பக்கம் திரும்பி, "மத்த ஜாக்கெட்டெல்லாத்தையும் பிரிச்சு இப்டியே தச்சுக் குடுத்துரு" என்றார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஆட்களைப் பார்ப்பதிலும் நமக்கு மடித்து வெட்டுகிற பழக்கம்தான். ஒரு பக்கம் பார்க்கிறோம்; மறுபக்கமும் அதே மாதிரிதான் என்று கத்தரியை வைத்துவிடுகிறோம். மிச்சத்தை அந்த ஆள் உள்பக்கமாகக் கறுப்பு நூலில் தைத்துக்கொண்டு நடமாட வேண்டியதுதான்.

கார்த்திகா புது லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்கிறாள். கண்மூடித் திறப்பதற்குள் மிரர் ஆகுமாம். "கொஞ்ச நாள் போகட்டும்டி" என்றேன்.

கல்யாணத்துக்குப் போயிருந்தோம். என் வழக்கப்படி மாதா கோவிலின் கடைசி வரிசை. தூணுக்குப் பின்னால் இடம். தாலி கட்டி முடிந்து, வெளியே வந்து எல்லாரும் வாசல் படிகளில் போட்டோவுக்கு நின்றார்கள். கூட்டத்தில் அருள்மேரி யாரையோ தேடினாள். என்னைத்தான்! தூரத்தில் பார்த்ததும், பூச்செண்டை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு, இடது கையை உயரத் தூக்கி, போர்டின் உச்சியில் எழுதுகிற மாதிரி ஆட்டினாள். முக்கால் இஞ்ச் இறங்கிய அந்தத் தோளில் திராட்சைக் குலை இருந்த இடத்திலேயே இருந்தது.

என் வாயில் ஊசி இல்லை. "அருளு!" என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.